கடைவீதியிலிருந்து பாராளுமன்றத்திற்கு

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பொதுநிலையினர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் கொடியேற்றம், தேர்ப்பவனி, ஆடம்பரத் திருப்பலி என்பவைதாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஐம்பதாம் ஆண்டைப் புனித ஆண்டாகக் கொண்டாடும்படி பழைய ஏற்பாட்டின் லேவியர் ஆகமம் இஸ்ராயேல் மக்களுக்குக் கட்டளையிட்டபோது, அது வழிபாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. கைமாறிப்போன நிலம் உரியவனிடம் திரும்பவேண்டும். அடிமைப்பட்டவன் விடுதலையாக வேண்டும். வாங்குவதிலும் விற்பதிலும் ஒருவன் மற்றொருவனை ஏமாற்றக்கூடாது என்றெல்லாம் அது சட்டம் வகுத்தது. ஆகவே இந்தப் பொன்விழா மேடையில் வியாபாரத்தையும் சட்டமன்றத்தையும் பற்றி நாம் பேசுவது பொருத்தமற்றது ஆகாது.

நம் விருத்தாசலம் பீங்கான் ஊர். நம் பங்கு மக்களில் சூளை வைத்திருப்போர் உண்டு. சூளையில் கூலி வேலை செய்வோர் உண்டு. கடைவீதியில் சிறு வணிகம் நடத்துவோரும் உண்டு. பொதுவாழ்வைப் பற்றி இவர்களிடம் பேசினால் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. ஒரு சாரார், "நமக்கு ஏன் சாமி அந்தச் சாக்கடை? கடையைப் பார்த்தோம், ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டோம், அது போதாதா?" என்கிறார்கள். மற்றொரு சாரார், "நம் ஆள் ஒருவர் நகராட்சியில் இருந்தால் நம் காரியம் சுலபமாக முடியும்" என்கிறார்கள். முதலாமவர் பொதுவாழ்விலிருந்து ஓடுகிறார். இரண்டாமவர் அதைத் தம் கல்லாப்பெட்டியோடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார். இரண்டுமே தவறு என்பதை, நம் தமிழ்நாட்டு வணிகர் ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. நாடு அவரை டி.டி.கே. என்ற மூன்றெழுத்தில் அறியும்.

அவர் கத்தோலிக்கர் அல்லர். இந்துக் குடும்பத்தில் 1899 நவம்பர் 26ஆம் நாள் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர். 1928இல் சொந்தமாக வணிக நிறுவனம் தொடங்கி, லீவர் கம்பெனியின் சோப்பு முதலிய பொருள்களைத் தென்னாட்டுக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் வேலையைத் திறம்பட நடத்தினார். நல்ல வருமானம், நல்ல பெயர். அதோடு நின்றிருந்தால் அவரைக் குறை சொல்வார் யாருமில்லை. ஆனால் 1937இல் சென்னைச் சட்டசபைக்குச் சுயேச்சை உறுப்பினராகச் சென்றார். 1942இல் மத்திய சட்டசபையில் இடம் பெற்றார். பின்னர் காங்கிரசில் சேர்ந்து, அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராகி, அரசியல் சட்டத்தின் வரைவுக்குழுவிலும் ஒருவரானார். வணிகம் குடும்பத்தார் கைக்குச் சென்றது.

அந்தச் சபையில் அவர் பேசியவற்றுள் மூன்றை மட்டும் குறிப்பிடுவோம்.

முதலாவது, 1948 நவம்பரில், வரைவுக்குழுவின் பாரத்தைச் சுமந்தவர் யார் என்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஏழு உறுப்பினரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்கா சென்றார், மற்றவர்களுக்கும் வேறு அலுவல், தூரம், உடல்நலக் குறைவு. முடிவில் டாக்டர் அம்பேத்கர் ஒருவர் தோளிலேயே அந்த வேலை விழுந்தது. அவருக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம் என்றார். பிறர் உழைப்பில் தமக்குப் பங்கு கேட்காமல், உழைத்தவரைப் பேர் சொல்லிப் பாராட்டுவது சிறிய குணமன்று.

இரண்டாவது, அதே உரையில், இந்தியைப் பிறர்மேல் திணிக்கும் போக்கு நாட்டின் ஒற்றுமைக்கே ஊறு விளைவிக்கும் என்று தென்னாட்டு மக்களின் மனக்குறையை வடநாட்டு நண்பர்களுக்குத் தயங்காது எடுத்துரைத்தார்.

மூன்றாவதுதான் நமக்கு மிக நெருக்கமானது. 1948 டிசம்பரில் மதச் சுதந்திரம் பற்றிய பிரிவு விவாதத்திற்கு வந்தது. ஒருவன் தன் மதத்தைப் பின்பற்றலாம். ஆனால் பரப்பும் உரிமை வேண்டாம், அந்தச் சொல்லை நீக்கிவிடுவோம் என்று சில உறுப்பினர்கள் வாதாடினார்கள். நம்மவர் சார்பில் பேச அந்தச் சபையில் சென்னை லொயோலா கல்லூரியின் இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா சுவாமி போன்றோர் இருந்தார்கள். ஆனால் அந்தச் சொல்லைக் காக்க எழுந்து நின்றவர்களில் இந்துவான டி.டி.கே.யும் ஒருவர். தாம் சுமார் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றும் அவர் சாட்சி சொன்னார். இந்த உரிமை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று, எல்லா மதத்தாருக்கும் பொது என்றும் விளக்கினார். அந்தச் சொல் நிலைத்தது. இன்று அது அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இருக்கிறது. நம் தெருவில் மாதா சுரூபம் பவனி வரும்போது இதை நன்றியோடு நினைக்கவேண்டும்.

அவர் மேலும் ஒன்று சொன்னார். தீண்டாமைக்கு ஆளானவர்கள் கிறிஸ்தவம் தழுவியதற்கு, அதில் கிடைத்த சமநிலையே பெருங்காரணம் என்றார். நம்மைப் பற்றி ஓர் இந்து சகோதரர் சபை நடுவே வைத்த நம்பிக்கை இது! இந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியுள்ளவர்கள்தாமா? தமிழ்நாட்டுப் பங்குகள் சிலவற்றில் கல்லறைத் தோட்டத்திலும் தேர் செல்லும் தெருவிலும்கூடச் சாதிக் கணக்குப் பார்க்கப்பட்டதை நாம் மறைக்க முடியாது. சட்டம் நமக்கு உரிமையைத் தந்துவிட்டது. அந்த உரிமைக்கு உரிய வாழ்க்கையைத் தரவேண்டியவர்கள் நாம்.

அரசியல் சட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள் 1949 நவம்பர் 26. அன்றைய தினம் டி.டி.கே.க்கு ஐம்பது வயது நிறைந்தது. அவருடைய பொன்விழாவுக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறென்ன வேண்டும்!

1952இல் லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வர்த்தக, தொழில் அமைச்சரானார். அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அவர் தொடங்கிய நிறுவனமே வெளிநாட்டுச் சரக்கை விற்றுப் பிழைத்து வந்தது. ஆகவே அமைச்சரின் கட்டுப்பாடு அமைச்சர் குடும்பத்தின் வியாபாரத்தையும் பாதித்தது. பிள்ளைகள் தரகு வணிகத்தை நம்பியிராமல் உற்பத்தியில் இறங்க வேண்டியதாயிற்று. இன்று நம் வீட்டு அடுப்பில் விசிலடிக்கும் பிரஸ்டீஜ் குக்கர் அப்படி வந்த தொழில்களில் ஒன்று.

1956இல் நிதியமைச்சரானார். 1957 ஏப்ரலில் அணா, பைசாக் கணக்குப் போய் நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது அவர் காலத்தில்தான். செல்வ வரியும் அவர் கொண்டுவந்ததே. ஆனால் அதே 1957இல் சோதனையும் வந்தது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், ஹரிதாஸ் முந்திரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. ஏழை எளியவர்கள் தங்கள் மரணத்துக்குப் பின் குடும்பத்துக்கு உதவட்டும் என்று கட்டிய பிரீமியப் பணம் அது. ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தியே அதைப் பாராளுமன்றத்தில் எழுப்பினார். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். இலாகாச் செயலாளர் செய்த காரியத்திற்கும் அமைச்சரே பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

கதை அதோடு முடியவில்லை. 1962 தேர்தலில் திருச்செந்தூர்த் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தேர்வானார். முத்துக்குளித்துறைக் கத்தோலிக்க மக்கள் பலர் வாழும் கடற்கரை அது. மீண்டும் நிதியமைச்சரானார். யூனிட் டிரஸ்டும் தொழில் வளர்ச்சி வங்கியும் 1964இல் அவர் பொறுப்பில் தோன்றின. ஆனால் 1965இல், அவர் பதவியால் குடும்ப நிறுவனங்கள் ஆதாயம் அடைந்தன என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. அதை ஒரு நீதிபதி ஆராயட்டும் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி எண்ணினார். டி.டி.கே. அதற்கு உடன்படாமல் அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாள் விலகிக்கொண்டார். 1974 மார்ச்சில் காலமானார். அந்தக் குற்றச்சாட்டைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் கடையையும் பதவியையும் ஒரே குடும்பம் வைத்திருக்கும்போது, ஊராரின் கண் அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கதவின் மேலேயே இருக்கும் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? நம் ஊர்ச் சூளைகளில் வேகும் மின்சார ஃபியூஸ் கட்டையைப் பாருங்கள். மின்சாரம் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் போகிறது. ஆயினும் பீங்கான் தனக்கென்று ஒரு துளி மின்சாரத்தையும் இழுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் நாம் பயமின்றி அதைக் கையால் பிடிக்கிறோம். பொதுப்பணம் தன் கைவழியே போகவும், தன் கையில் ஒட்டாமலும் இருப்பவனே பொதுவாழ்வுக்கு ஏற்றவன். அந்தக் கட்டைக்குள் மெல்லிய கம்பி ஒன்று உண்டு. மின்சாரம் மிஞ்சும்போது அது தான் எரிந்து வீட்டைக் காக்கிறது. தவறு நேர்ந்தால் 'எனக்குக் கீழுள்ளவன் செய்தான்' என்று தப்பிக்கொள்ளாமல் பொறுப்பேற்பது அதைப் போன்றது. பீங்கான் தெருவில் அப்படியே விளைவதில்லை. களிமண் அரைபட்டு, வடிகட்டப்பட்டு, நெருப்பில் வெந்த பிறகே அந்தக் குணத்தைப் பெறுகிறது. மனிதனும் அப்படியே.

தாலந்து உவமையில் எசமான் கோபித்தது வியாபாரம் செய்தவன்மேல் அன்று. மண்ணில் புதைத்து வைத்தவன்மேல். லூக்கா நற்செய்தியில் வரித்தண்டுவோர் தலைவனான சக்கேயு, ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றதும் கணக்கைத்தான் முதலில் சரிசெய்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டிலும், பொதுநலனுக்காக அரசியல் பொறுப்பை ஏற்போரின் பணி பாராட்டுக்குரியது என்று போதித்தது. 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், புனித தாமஸ் மோரை அரசியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். ஆகவே அரசியல் என்பது நமக்கு விலக்கப்பட்ட கனியன்று.

எனவே நம் வணிகப் பெருமக்களுக்கும் இளைஞர்களுக்கும் மூன்று வேண்டுகோள். பொதுப்பணிக்குத் தகுதி உள்ளவர்கள் ஒதுங்கி நிற்காதீர்கள். அப்பணிக்குச் செல்பவர்கள் தம் கடையின் கணக்கையும் ஊரின் கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதாதீர்கள். வாக்களிக்கும் மக்களோ, 'நம்மவர்' என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல், கணக்குக் கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டக்கூடியவர் எவர் என்று பாருங்கள். கூடுதலாக ஒன்று: இந்தப் பழக்கம் நம் பங்குப் பேரவையிலும் திருவிழா வரவு செலவிலும் முதலில் தொடங்கட்டும். பொன்விழாக் கணக்கு முழுவதையும் கோவில் முகப்பில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டிவைக்கப் பேரவையாரைக் கேட்டுக்கொண்டுள்ளோம். சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது எங்கள் கடமை.

கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் ஆலயம் எழுப்பிப் போற்றிய பெரியநாயகி அன்னை, நம் ஊரையும் நம் தொழிலையும் நம் நாட்டை ஆள்வோரையும் தம் திருமகனிடம் பரிந்து பேசிக் காப்பாராக. ஆமென்.