பாக்கி கேட்பது பிச்சை அல்ல

கூலி உயர்வுக்காக நாம் நிறையப் பேசியிருக்கிறோம். சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு நடையாய் நடக்கிறவர்களைப் பற்றிப் பேசியது குறைவு. எங்க தெருவில் செருப்பு தைக்கிறவங்க இருக்காங்க. ஐம்பது ஜோடி கடைக்குப் போகும். ‘அடுத்த வாரம் வா’ என்பார் கடைக்காரர். அதுவும் வாசலிலேயே நிற்கவைத்து. மூணாவது தடவை கேட்டால், ‘என்னடா, மிரட்டுறியா?’ விலை கேட்கிறவன் கையேந்துகிறவனாக ஆக்கப்படுகிறான். சாதி இங்கேதான் வேலை செய்கிறது.

சட்டம் என்ன சொல்லுது? 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 47ஆவது பிரிவுப்படி, கடன் பேசாத வியாபாரத்தில் சரக்கு நம் கையில் இருக்கும்வரை, பணம் வராமல் தரமாட்டேன் என்று நிறுத்திவைக்கலாம். கடைக்குள் போய்விட்ட சரக்கைத் தூக்கிவரப் போகாதீர்கள்; கேசு நம்ம மேலதான் விழும். அப்போது 55ஆவது பிரிவில் விலைக்கு வழக்குப் போடலாம். பொதுவாகக் கெடு மூன்று ஆண்டு. ‘அடுத்த வாரம்’ என்பதற்குள் இருக்கிற கணக்கு இப்போ புரியுதா? அந்தக் கெடுவுக்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கையெழுத்திட்டால், கெடு புதிதாகத் தொடங்கும்.

குறு, சிறு தொழில்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கென்று மாநில அரசு அமைத்த மன்றத்தில் முறையிடலாம். ஆனால் சரக்கு கொடுப்பதற்கு முன்பே ‘உத்யம்’ பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை. வக்கீலுக்குக் காசு? 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கேட்கக் கூடாது.

இதையெல்லாம் தெருவில் சொன்னபோது ஒரு அக்கா கேட்டாங்க: ‘நோட்டீசு விடுறது சரி தம்பி, நாளைக்கு ஆர்டர் நின்னா யாரு சோறு போடுவா?’

நியாயமான கேள்வி. சட்டப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. ஒரு வீடு கேட்டால் ஆர்டரை நிறுத்துவான். இருபது வீடும் ஒரே மாதிரி பில் போட்டு, சரக்கு இறக்கும்போதே தேதியோடு கையெழுத்து வாங்கினால், எத்தனை பேரை நிறுத்துவான்?

மாணவத் தோழர்களே, இந்த வாரம் ஆளுக்கொரு வீட்டுக்குப் போங்க. ஒரு பில் புத்தகம் அச்சடித்துக் கொடுங்க. பழைய பாக்கியைத் தேதி வாரியாக எழுதுங்க. முழக்கத்தை அப்புறம் போடலாம்.