பழைய கூண்டும் புதிய பயனும்



திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டுக்குள் நீங்கள் விடியற்காலையில் நுழைந்ததுண்டா? முதல் உலகப் போரில் உயிர் நீத்தோரின் நினைவாக எழுந்த மணிக்கூண்டைக் கடந்து சென்றால், ஊர் உறங்கும் வேளையிலும் விழித்திருக்கும் ஓர் உலகத்தைக் காணலாம். காய்கறி மூட்டைகள் லாரிகளிலிருந்து இறங்கும். சுமை தூக்குவோர் வழி கேட்டுக் குரல் கொடுப்பர். அந்தச் சந்தடியின் ஓரத்தில், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துகளைத் தாங்கி நின்ற ஒரு பொதுத் தொலைபேசிக் கூண்டைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

உங்களுள் பலர் அத்தகைய கூண்டைக் கண்டிருக்கமாட்டீர்கள். ஒரு காலத்தில் நம் நாட்டில் தொலைபேசி இணைப்புக்கு மனுச் செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1984-ஆம் ஆண்டில் சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. வீட்டுக்கு வீடு தொலைபேசி அளிக்க இயலாவிடினும், தெருவுக்குத் தெரு ஒன்றை அளிக்கலாம் என்று சாம் பித்ரோடா முதலியோர் கருதினர். அதன் பயனாக எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து எஸ்.டி.டி. கூண்டுகள் நாடெங்கும் பெருகின. அவற்றை நடத்தும் உரிமை மாற்றுத்திறனாளிகள் பலருக்கும் வழங்கப்பட்டது. எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

நான் கூறும் கூண்டை நடத்தியவரும் இளம்பிள்ளை வாதத்தால் கால் நலிந்தவர். மூன்று சக்கர வண்டியில் வருவார். 1991-இல் என் தங்கை பம்பாயில் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்தாள். இரவில் கட்டணம் குறையும் நேரம் பார்த்து, ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வந்து நான் அங்கே வரிசையில் நிற்பேன். கண்ணாடிக் கதவுக்குள் நின்று பேசும்போது, மீட்டரில் சிவப்பு எண்கள் ஏறுவதைக் கண்டு நெஞ்சு படபடக்கும். ஒருநாள் எனக்கு முன்னே நின்ற சுமைதூக்கும் தொழிலாளர் ஒருவர், தாயார் இறந்த செய்தியைக் கேட்டு அங்கேயே அமர்ந்துவிட்டார். கூண்டுக்காரர் காசு வாங்கவில்லை. பேருந்துக்கும் பணம் கொடுத்து அனுப்பினார்.

காலம் மாறிற்று. 1995 ஜூலை 31 அன்று நம் நாட்டின் முதல் செல்பேசி உரையாடல் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. 2003-இல் செல்பேசிக்கு வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நீங்கியது. அதன்பின் கூலி வேலை செய்வோர் கையிலும் செல்பேசி வந்தது. கூண்டின் முன் வரிசை குறைந்தது. பிறகு மறைந்தே போயிற்று. “ஐயா, நாலடிக்கு நாலடி இடமும் இந்தக் கண்ணாடிக் கதவுமே மிச்சம். இதை வைத்து நான் என்ன செய்வது?” என்று அவர் என்னைக் கேட்டார். அவருக்கு அப்போது பள்ளியில் படிக்கும் இரு பெண் குழந்தைகள்.

ஆசிரியனுக்கு எதைக் கண்டாலும் நூலகம்தானே நினைவுக்கு வரும்! இங்கிலாந்தில் சிவப்புத் தொலைபேசிப் பெட்டிகளை நூலகங்களாக மாற்றிய செய்தியை நான் படித்திருந்தேன். உடனே அறுபது புத்தகங்களைக் கொண்டுபோய் அடுக்கினேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தேன். அவற்றின்மேல் தூசியும் வெங்காயச் சருகும் படிந்திருந்தன. ஒன்றையும் எவரும் தொடவில்லை. தலையில் மூட்டை சுமப்பவருக்குக் கையில் புத்தகம் ஏந்த நேரமேது? தவறு அவர்களுடையதன்று, என்னுடையதே.

அந்த இங்கிலாந்துச் செய்தியை நான் சரியாகப் படிக்கவில்லை என்பதைப் பின்னர் உணர்ந்தேன். 2008-ஆம் ஆண்டு முதல் அங்கே ஓர் ஊரார் தம் பழைய பெட்டியை ஒரு பவுன் கொடுத்து ஏற்கலாம் என்று திட்டம் வகுத்தனர். 7,000-க்கு மேற்பட்ட பெட்டிகள் அவ்வாறு கைமாறின. வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் என்னும் சிற்றூரில் நடமாடும் நூலகம் வருவது நின்றுவிட்டது. ஆகவே அவ்வூரார் 2009-இல் பெட்டியை நூலகமாக்கினர். வேறு பல ஊர்களில், துடிப்புத் தடுமாறும் இதயத்தை மின்னதிர்ச்சியால் ஒழுங்குபடுத்தும் கருவியை அப்பெட்டிக்குள் வைத்தனர். மருத்துவ வண்டி வந்து சேரும்வரை காத்திருக்க இயலாத ஊர்களுக்கு அது உயிர்காக்கும் துணை. தேவை முன்னே நின்றது. பெட்டி பின்னே வந்தது. நானோ பெட்டியை முன்னே வைத்து, தேவையைத் தேடினேன்.

தேவையைக் கண்டவர் கூண்டுக்காரரே. “ஐயா, என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு எண் சுழற்றத் தெரியாது. கசங்கிய தாளை நீட்டுவார்கள். நான்தான் படித்துப் போட்டுக் கொடுப்பேன். அவர்கள் தொலைபேசிக்காக மட்டுமா வந்தார்கள்? எழுத்துத் தெரிந்த ஓர் ஆளைத் தேடி அல்லவா வந்தார்கள்?” என்றார். எனக்கு வியப்பு மேலிட்டது. முப்பது ஆண்டு வகுப்பில் நின்ற நான் காணாததை, முக்காலியில் அமர்ந்திருந்த அவர் கண்டுவிட்டார்.

அன்று முதல் அக்கூண்டு மனு எழுதும் இடமாயிற்று. வங்கிப் படிவம், முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு மக்கள் அவரை நாடினர். பின்னர் நகல் எடுக்கும் பொறி வந்தது. செல்பேசிக்குப் பணம் ஏற்றும் வேலையும் சேர்ந்தது. தம் கதையை மனுவாகச் சொல்லும் மூதாட்டிக்குப் பிறர் காதில் விழாமல் பேச அந்தக் கண்ணாடிக் கதவு உதவிற்று. கம்பி போயிற்று, கதவு பயன்பட்டது. அவருடைய இரு பெண்களும் கல்லூரிப் படிப்பை முடித்தனர்.

அரசும் இதே வழியில் சிந்தித்திருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம்.-வாணி திட்டம், சிறு கடைக்காரர்கள் வழியே பொதுமக்களுக்கு இணைய வசதி அளிக்க முனைகிறது. பழைய தொலைபேசிக் கூண்டின் வேலையே அங்கு வேறு வடிவில் தொடர்கிறது எனலாம்.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் பயனற்று நிற்கும் கூண்டோ, கட்டடமோ, கிணறோ இருக்கலாம். அதற்குப் புதுப் பயன் தேட விரும்பினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவ்விடத்துக்கு நாள்தோறும் வருபவர் யார்? அவர்களுக்கு இல்லாதது எது? நாளை இதைப் பேணப் போகிறவர் யார்? மூன்றாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். இதயக் கருவியின் மின்கலத்தைச் சோதிக்க ஆள் வேண்டும். புத்தகத்தின் தூசியைத் தட்டவும் ஆள் வேண்டும். வண்ணம் பூசி விழா எடுப்பது ஒரு நாள் வேலை. காப்பது ஆண்டு முழுவதும் செய்யும் வேலை.

என் அறுபது புத்தகங்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். அவற்றைத் திரும்ப எடுத்துச் சென்று பள்ளி விடுதி ஒன்றுக்கு அளித்தேன். அங்கே அவை கிழியும் அளவுக்குப் படிக்கப்பட்டன. பொருள் ஒன்றே, அது சென்று சேரும் இடம்தான் அதன் பயனை முடிவு செய்கிறது.