இலண்டன் கண்ட இரவுகள்



1940ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆந் தேதி யேர்மனிய விமானங்கள் இலண்டன் துறைமுகப் பகுதியிற் குண்டுமாரி பொழிந்தன. பின்னர் ஏறத்தாழ இரண்டு மாதம் இரவுதோறும் இதே கதி. அப்பகுதி ஏழைத் தொழிலாளருக்கு ஒதுங்க ஆழமான இடமில்லை. நிலக்கீழ்ப் புகையிரத நிலையங்கள் இருந்தனவே! உள்ளே புகுந்தவர்கள் வேலைக்கு வெளிவரார் என்றஞ்சிய அரசாங்கத்தார் அவற்றைப் புகலிடமாக்க மறுத்தனர். சனங்கள் என்ன செய்தார்கள்? மலிவான சீட்டொன்றை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள், வண்டியில் ஏறவேயில்லை! போர்வையும் பிள்ளைகளுமாக மேடையிலேயே படுத்துவிட்டார்கள். அரசாங்கம் இணங்க வேண்டியதாயிற்று. அஞ்சியது நடந்ததா? விடிந்ததும் மேலேறி வேலைக்குப் போனார்கள். ஆனால், ஆழமும் எல்லாரையுங் காக்கவில்லை. ஒக்டோபர் 14ஆந் தேதி இரவு பாலம் நிலையத்தின் மேலுள்ள வீதியிற் குண்டு வீழ்ந்து, மண்ணும் நீரும் உட்புகுந்து 60 பேருக்குமேல் மாண்டனர். அதன் பின்னரும் சனங்கள் மற்றைய நிலையங்களுக்குள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.