கடற்கரை மன்றம் கற்பிக்கும் பாடம்



சென்னைக் கடற்கரைச் சாலையில், சேப்பாக்க அரண்மனைக்கு அருகே, மூலைக்கொன்றாக நான்கு கோபுரங்கள் தாங்கிச் செம்மாந்து நிற்கிறது ஒரு செங்கற் கட்டடம். 'செனட்டு இல்லம்' என்று மக்கள் வழங்கும் அதுவே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிப்பேரவை மன்றம்.

பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றிற்று. இம்மன்றமோ 1874-இல் தொடங்கப்பெற்று 1879-இல் முடிவுற்றது. போட்டியில் வென்ற வரைவைத் தந்தவர் இராபர்ட்டு சிசோம் என்னும் ஆங்கிலேயர்.

ஆளும் இனத்தவராகிய அவர், இலண்டன் மாநகர்க் கட்டடமொன்றின் படியை இங்கு நட்டுவைத்திருக்கலாம். அவ்வாறு செய்திலர். அண்டையில், 18-ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபு எழுப்பிய அரண்மனையை நோக்கினார். அதன் வளைவுகளோடும் குவிமாடங்களோடும் இசையுமாறு தம் கட்டடத்தை அமைத்தார். மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையைச் செப்பனிடும் பணியிலும் ஈடுபட்டவர் அவர். பைசாந்தியக் கலைக்கூறுகளையும் உடன் சேர்த்தார். நடுவே தூண்கள் சூழ்ந்த பெருமண்டபம். பலகணிகளில் வண்ணக் கண்ணாடி. அயலார் கலையும் இம்மண்ணின் கலையும் கைகோத்த கட்டடம் அது.

வரைந்தவர் பெயரை நூல்கள் போற்றுகின்றன. செங்கல் அடுக்கிய கொத்தர், கல் பொளிந்த தச்சர், சாந்து குழைத்த மகளிர் ஆகியோர் பெயரை யார் அறிவார்? வரைவு தாளில் இருந்தது. அதனைக் கட்டடமாக்கியவை உழைத்த கைகளே அல்லவா?

1937-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியதும் இம்மன்றத்திலேதான். அன்று பதவியேற்ற அமைச்சரவையே மறு ஆண்டில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. தமிழர் வரலாற்றின் அவ்வேட்டையும் இச்சுவர்கள் அறியும்.

இத்துணைப் பெருமை வாய்ந்த மாளிகையும் நெடுங்காலம் பேணுவாரின்றிச் சிதைந்தது. பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டு நிறைவையொட்டியே மீண்டும் புதுக்கப்பெற்றது.

அயலான் ஒருவன் இம்மண்ணின் கலையை மதித்துக் கற்றான். மண்ணுக்குரியோரோ கண்முன் நின்றதைக் காக்க மறந்தனர். கட்டடத்திற்கு நேர்ந்த இக்குறை மொழிக்கும் நேரலாமா? விரிசல் சிறிதாயிருக்கும்போதே அடைப்பதுதான் அறிவுடைமை. சுவர் சாய்ந்தபின் முட்டுக்கொடுப்பது பேணுதல் ஆகாது.

சேப்பாக்கம் செல்லும் தமிழர், பிள்ளைகளை அக்கட்டடத்தின்முன் நிறுத்துக! வரைந்தவர் பெயரைச் சொல்லுக. பெயரறியா உழைப்பாளரையும் நினைவூட்டுக!