பேய் கொண்டுவரும் வழக்கு

(பட்டிமன்றத் தலைப்பு: பேய்ப் படங்கள் பெரிதும் தருவது பயமா? பாடமா? 'பாடமே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் நம்மையெல்லாம் பயமுறுத்திவிட்டு இப்போது அமைதியாக மோர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! முதல் ஷிப்டு முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளத் தோழர்களே! பிள்ளைகளை மடியில் வைத்திருக்கிற தாய்மார்களே!

எதிரணியில் பேசிய வக்கீல் தம்பி ஒரு பட்டியல் போட்டார். "பேய்ப் படம்னா என்னங்க? ஒரு பாழடைந்த பங்களா, ஒரு வெள்ளைப் புடவை, ஒரு கொலுசுச் சத்தம், தானாத் திறக்கிற கதவு. பார்த்துட்டு வந்த பிள்ளை ராத்திரி பாத்ரூம் போக அம்மாவை எழுப்புது. இதுல என்ன பாடம்?" என்று கேட்டார். தம்பி, பிள்ளை மட்டுமா எழுப்புகிறான்? அப்பாவும்தான் எழுப்புகிறார். அதை நீங்கள் சொல்லவில்லை. (சிரிப்பு)

நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வக்கீல். உங்கள் வீட்டுக் கதவை நடுராத்திரியில் ஒருத்தி தட்டுகிறாள். தலைவிரி கோலம், அழுகை, மேலெல்லாம் ரத்தம். கதவுச் சத்தத்துக்குப் பயந்து போர்வையை இழுத்து மூடிக்கொள்வீர்களா? "யாரம்மா நீ, உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்பீர்களா? தமிழ்ப் படத்துப் பேய்களில் பாதிக்கு மேல் அப்படி வந்த கட்சிக்காரர்கள்தான் ஐயா. உயிரோடு இருந்தபோது எந்தக் கோர்ட்டிலும் அவர்கள் வழக்கு எடுபடவில்லை. செத்த பிறகு சினிமா கொட்டகையில் வந்து கேட்கிறார்கள். (கைதட்டல்)

எனக்குப் பிடித்த படங்களையே சொல்கிறேன். 2024 மே மாதம் சுந்தர்.சி எடுத்த 'அரண்மனை 4' வந்தது. செல்வி என்று ஒரு பெண். தமன்னா நடித்திருக்கிறார். தற்கொலை என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அவள் அண்ணன் நம்ப மாட்டேன் என்கிறான். அவன் யார் தெரியுமா? வக்கீல், தம்பி, வக்கீல்! (சிரிப்பு) அசாம் நாட்டுப்புறக் கதையிலே வருகிற 'பாக்' என்ற ஒரு உருவம் அந்தக் குடும்பத்தைத் துரத்துகிறது. தான் பெற்ற பிள்ளையை அதனிடமிருந்து காப்பாற்றச் செத்த தாய் திரும்பி வருகிறாள். அந்தக் கொட்டகையில் அழாத அம்மாவை நான் பார்க்கவில்லை. அத்தனையும் முடிந்த பிறகு அதே அம்மா ஒரு பாட்டுக்கு வந்து ஆட்டம் போடுகிறாரே, அதை மட்டும் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுங்கள். (பலத்த சிரிப்பு)

2011இல் வந்த 'காஞ்சனா'வை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஒரு திருநங்கையைக் கொன்றுவிட்டார்கள். சரத்குமார் அந்த வேடத்தில் வந்தபோது, தெருவில் திருநங்கையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அதே ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எத்தனை மேடையில் நாங்கள் பேசியும் நடக்காத காரியம் அது.

"சிரிப்புப் பேய் வந்து பேயின் மரியாதையே போச்சு" என்று பேராசிரியை அம்மா வருத்தப்பட்டார். அம்மா, நீங்களும் நானும் 'கலிங்கத்துப்பரணி' நடத்திச் சம்பளம் வாங்கினவர்கள். ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்னே செயங்கொண்டார் பேய்களைப் பசியோடு உட்கார வைத்து, போர்க்களத்திலே கூழ் காய்ச்ச வைத்து, பந்தி பரிமாற வைத்துச் சிரிக்க வைத்தாரே! 2025இல் சந்தானம் நடித்த 'டிடி நெக்ஸ்ட் லெவல்' வந்தது. சினிமா விமர்சனம் பண்ணுகிறவரைப் பேய் இழுத்துப் படத்துக்குள்ளேயே போட்டுவிடுகிறது. பட்டிமன்ற நடுவரைப் பேய் பிடிக்கிற படம் இன்னும் வரவில்லை. நீங்கள் தைரியமாகத் தீர்ப்புச் சொல்லலாம், ஐயா. (சிரிப்பு)

சினிமாவை விடுங்கள். பேய்க் கதைக்குத் தலைநகரமே நம்ம திருவள்ளூர் மாவட்டம்தான். சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற ரயிலில் ஏறினால் திருவள்ளூர் தாண்டித் திருவாலங்காடு வரும். நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இருக்கிற ஊர். கணவன் கைவிட்டுப் போன பிறகு, "இந்த அழகு இனி யாருக்காக?" என்று உடம்பை உதறிப் பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொண்ட காரைக்கால் அம்மையார் தலையாலே நடந்து கயிலைக்குப் போய்விட்டு வந்து தங்கிய ஊர். பக்கத்திலேயே பழையனூர். அது நீலியின் ஊர்.

நீலி கதை உங்களுக்குத் தெரியும். காஞ்சிபுரத்து வணிகன் ஒருவன் பழையனூருக்கு வருகிறான். பேய் அண்டாதபடி கையிலே மந்திரக் கத்தி. நீலி அவன் பெண்சாதி மாதிரி உருவம் எடுத்துக்கொண்டு, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையில் போய் அழுகிறாள்: "என் புருஷன் என்னோடு வாழ மாட்டேன் என்கிறாரே!" அவன் கதறுகிறான், "ஐயா, இவள் பெண்ணில்லை, பேய்!" என்று. வேளாளர் எழுபது பேர் சமாதானம் சொல்கிறார்கள். "பயப்படாமல் போ. உன் உயிருக்கு ஏதாவது வந்தால் எங்கள் எழுபது உயிரையும் கொடுக்கிறோம்." கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே அனுப்புகிறார்கள். காலையில் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். திருஞானசம்பந்தரே தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்தச் செய்தியைத் தொட்டுப் பாடியிருக்கிறார். அந்த எழுபது பேரின் வாக்குத் தவறாமையை நான் வணங்குகிறேன்.

ஆனால் 'நீலிக் கண்ணீர்' என்று ஒரு சொல்லை நாம் எடுத்துக்கொண்டோமே, பொய் அழுகைக்கு, அதிலேதான் எனக்கு வழக்கு இருக்கிறது. அவள் ஏன் பேயானாள்? முற்பிறவியிலே அவள் ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவனுக்கு இன்னொருத்தி மேல் ஆசை. திருவாலங்காட்டுக் காட்டுக்குக் கூட்டிவந்து, கட்டின மனைவியைக் கொன்று கிணற்றில் தள்ளினான். சாகும்போது அவளும் அழுதிருப்பாளே ஐயா! அந்தக் கண்ணீர் நிஜக் கண்ணீர்தானே? அதற்கு நம் மொழியில் ஏதாவது பேர் இருக்கிறதா? செத்தவளின் முதல் அழுகை யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது அழுகை மட்டும் பழமொழி ஆகிவிட்டது. (நீண்ட கைதட்டல்)

நீலி என்ற பேர் தெற்கேயும் உண்டு. நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலி. மலையாளத்தில் அவளை யட்சி என்று சொல்லி நூற்றாண்டுக் கணக்காகப் பயந்தார்கள். 2025 ஆகஸ்டில் 'லோகா' என்று ஒரு படம் வந்தது. அதில் அந்த நீலியையே கதாநாயகி ஆக்கிவிட்டார்கள். கல்யாணி பிரியதர்ஷன் நடித்தார். அது பேய்ப் படமா, சாகசப் படமா என்று நீங்கள் சண்டைக்கு வரலாம். வாருங்கள். ஆனால் அதிலே, 'இவள் யாரைக் கொன்றாள்' என்ற பழைய கேள்வி 'இவளுக்கு யார் என்ன செய்தார்கள்' என்று மாறிவிட்டது. படம் பெரிய ஓட்டம் ஓடியது. நம்ம பழையனூர்க்காரிக்கு இன்னும் அந்த அதிர்ஷ்டம் வரவில்லை.

நடுவர் அவர்களே, எல்லாவற்றிலும் சிறந்தது எது என்று கேட்டால் 2024 பிப்ரவரியில் மலையாளத்தில் வந்த 'பிரமயுகம்' என்பேன். ராகுல் சதாசிவன் இயக்கியது. இந்தக் காலத்தில் முழுப் படமும் கறுப்பு வெள்ளை! காதைப் பிளக்கிற சத்தம் போட்டுப் பயமுறுத்துகிற வித்தையெல்லாம் அதில் கிடையாது. சும்மா ஒரு கிழவர் உட்கார்ந்து சிரிக்கிறார். மம்மூட்டி. நமக்கு முதுகுத்தண்டு சில்லிடுகிறது. கதை பதினேழாம் நூற்றாண்டிலே நடக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடிவந்த பாணர் குலத்துப் பாடகன் ஒருவன் பசியோடு ஒரு பாழடைந்த வீட்டுக்குள் நுழைகிறான். பெரியவர் சோறு போடுகிறார். அப்புறம், "வா, பகடை ஆடலாம்" என்கிறார். இவனிடம் பணயம் வைக்க ஒரு காசு இல்லை. "பரவாயில்லை, உன் காலத்தை வை" என்கிறார். வைத்தான், தோற்றான். வாசல் திறந்துதான் இருக்கிறது, வெளியே போக முடியவில்லை. எத்தனை நாள் ஆயிற்று என்பதும் மறந்துவிடுகிறது.

இதை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா? நம் மாவட்டத்துச் செங்கல் சூளைப் பக்கம் போயிருக்கிறீர்களா? ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முதலில் ஒரு முன்பணம் கொடுக்கிறார்கள். அதுதான் பெரியவர் போட்ட சோறு. அப்புறம் கல் அறுக்க அறுக்கக் கணக்குத் தீராது. பகடை எப்போதும் முதலாளி பக்கமே விழும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். முப்பத்தைந்து வருடம் கழித்து, 2011இல், இதே திருவள்ளூர் மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஐந்நூறு பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். எந்தப் பேய்ப் படத்தில் ஐயா ஒரே வீட்டில் ஐந்நூறு பேர் மாட்டிக்கொள்கிறார்கள்?

என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இந்தப் பக்கம் ஒரு இரும்பாலையில் சூப்பர்வைசராக இருக்கிறார். ஒருநாள் சொன்னார்: "ஐயா, எங்க ஆலையில ஒரு பழைய ஷெட்டு இருக்குங்க. நைட் ஷிப்டுல யாரும் அங்க தனியாப் போக மாட்டாங்க. யாரோ தண்ணி கேக்குற மாதிரி குரல் கேக்குதாம். அதுவும் இந்தியில." நான் சிரித்துவிட்டு, "பேய்க்கு மும்மொழித் திட்டமா?" என்றேன். (சிரிப்பு) அவர் சிரிக்கவில்லை. "வடநாட்டுப் பையன் ஒருத்தன் காண்டிராக்டுல வந்தாங்க ஐயா. அந்த ஷெட்டுல அடிபட்டு இறந்துட்டான். எல்லாரும் 'பையா'ன்னுதான் கூப்பிடுவாங்க. காண்டிராக்டர் மாறிட்டாரு. பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். அவன் பேரு இல்லை" என்றார்.

ரிஜிஸ்டரில் இல்லாதவன் பேய்க் கதையிலே இருக்கிறான். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் பழையவர்கள் முதல் நாளே அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார்களாம். அதனால் அந்த ஷெட்டுக்குப் போனால் இரண்டு பேராகத்தான் போகிறார்கள், விளக்கைப் போட்டுக்கொண்டு போகிறார்கள், மேலே கிரேன் நிற்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். சுவர் முழுக்கப் 'பாதுகாப்பே முதன்மை' என்று பெயிண்டில் எழுதி வைத்தும் நடக்காத காரியத்தை ஒரு பேய் நடத்துகிறது! இது பயமா, பாடமா?

திருவள்ளுவர் பேய்க்கு 'அலகை' என்று பேர் வைத்தார். 850ஆவது குறள். ஊர் உலகமெல்லாம் உண்டு என்று சொல்வதை ஒருவன் இல்லை என்று சாதித்தால், அவனைத்தான் பேயாக வைத்து எண்ண வேண்டும் என்கிறார். அந்தப் பையன் இருந்தான் என்று ஷிப்டில் இருக்கிற அத்தனை பேரும் சொல்கிறார்கள். அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்கிறது ரிஜிஸ்டர். நடுவர் அவர்களே, இதில் எது பேய் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்! (நீண்ட கைதட்டல்)

மணி அடித்துவிட்டீர்கள். முடித்துக்கொள்கிறேன். அந்தப் பையனுக்கு ஊர் பீகாரா, ஒடிசாவா என்று என் மாணவர் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.