பனி உருகாத இடத்தின் இடர்க்கணக்கு



கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவையொட்டிய கடற்பரப்பை இனுயிட் மக்கள் துவாயுயிட்டுக் என்பர். 'பனி ஒருபோதும் உருகாத இடம்' என்று பொருள். 2019இல் அங்கே ஐந்தாண்டு இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பிறந்தது, 2024இல் புதுப்பிக்கப்பட்டது. நிலையான பாதுகாப்பகம் அமைப்பதற்கு முன் சூழலியல் இடர்களை மதிப்பிட வேண்டும்.

மதிப்பிடுவது யார், எந்த மொழியில்? பாஃபின் விரிகுடாவில் எண்ணெய் தேடும் ஒலியதிர்வு ஆய்வுக்கு 2014இல் அனுமதி வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, கடற்பாலூட்டிகளுக்கு என்ன நேரும் என்று ஊர்க்கூட்டங்களில் மக்கள் கேட்டனர். நிறுவனப் பிரதிநிதிகளிடம் விடையில்லை. பின்னர் விடை வந்தது: 3,926 பக்கங்கள்! அதில் சிறு பகுதியே இனுக்டிடுட் மொழியில் இருந்தது. கிளைட் ரிவர் ஊரின் முன்னாள் தலைவரால் அதைத் தரவிறக்கவும் இயலவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் அறிவேன்: பெயர்க்காமல் விடுவதும் ஓர் அரசியல் முடிவுதான். 2017இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது.

துவாயுயிட்டுக் ஆணை புதிய தொழில் நடவடிக்கைகளைத் தடுக்கிறது. இனுயிட் மக்களின் வேட்டையுரிமையில் கைவைக்கவில்லை. வரவேற்போம். ஆயினும் அங்கே உயிர்ச்சங்கிலி பனியின் அடிப்புறத்தில் ஒட்டிய பாசியில் தொடங்குகிறது. பாசியை நுண்ணிய ஓட்டுயிரிகளும், அவற்றை ஆர்க்டிக் காட் மீனும், மீனைச் சீலும், சீலைப் பனிக்கரடியும் உண்கின்றன. பனி உருகினால் முதற்கண்ணியே அறும். அதை உருக்கும் வெப்பமோ தொலைதூர அனல் உலைகளிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் பிறக்கிறது. அவற்றின் உரிமையாளர்களை இந்த ஆணை கட்டுப்படுத்தாது.