நல்ல சரக்கும் நாலு கடையும்

(உழவர் உற்பத்தியாளர் குழுவினருக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



விளைந்ததை அப்படியே மூட்டை கட்டி விற்காமல் மாவாகவும் எண்ணெயாகவும் பொடியாகவும் மாற்றி விற்றால் கூடுதல் வருவாய் கிட்டும் என்று பயிற்சிகளில் பலமுறை சொல்லி வருகிறோம். மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைக்கும் திட்டத்தை 2020-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் பிறகு இத்தகைய முயற்சிகள் இன்னும் பெருகியுள்ளன. செக்கு வந்துவிட்டது. அரவை இயந்திரமும் பை ஒட்டும் கருவியும் வந்துவிட்டன. சரக்கும் தரமாகவே இருக்கிறது.

ஆனால் சில மாதம் கழித்துக் கிடங்கைத் திறந்து பார்த்தால், அட்டைப் பெட்டிகள் அடுக்கியபடியே இருப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். மாவில் வண்டு விழுந்திருக்கும். "விளம்பரம் செய்யப் பணம் இல்லை" என்று குழுவினர் கூறுவார்கள். உண்மைக் காரணம் வேறு. அந்தப் பொருள் எந்தத் தெருவிலும் எந்தக் கடையிலும் இல்லை. அதுதான் குறை. இதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

கடை ஏன் முக்கியம்?

கண்காட்சியில் மூன்று நாளில் சரக்கெல்லாம் விற்றுவிட்டது என்று சிலர் மகிழ்கிறார்கள். அங்கே வாங்கிய அம்மாள் வீட்டில் சமைத்துப் பார்த்து, "நன்றாக இருக்கிறதே" என்று மறுபடியும் தேடும்போது அந்தப் பொருள் எங்கே கிடைக்கும்? முதல் பாக்கெட்டை ஆசைக்கு வாங்குவார்கள். இரண்டாவது பாக்கெட்டைத் தேவைக்கு வாங்குவார்கள். வியாபாரம் என்பது இரண்டாவது பாக்கெட்டில்தான் தொடங்குகிறது.

நகரங்களில் தொலைபேசி வழியாகப் பொருள் தருவிக்கும் வழக்கம் வளர்ந்துள்ளது உண்மையே. ஆயினும், நம் நாட்டில் மளிகையின் பெரும்பகுதி இன்றும் கடைகளில்தான் விற்பனையாகிறது. மாவு தீர்ந்துவிட்டால் பக்கத்துக் கடைக்குப் பிள்ளையை அனுப்புவார்கள். கேட்ட மாவு இல்லையென்றால், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் வேறு மாவு வீட்டுக்கு வந்துவிடும். உங்கள் மாவுக்காக யாரும் நாலு கடை ஏறி இறங்க மாட்டார்கள். பெரிய கம்பெனிகள் பெட்டிக்கடை வரை ஆள் அனுப்பிச் சரக்குப் போடுவது இதை அறிந்துதான்.

இரண்டு முன்மாதிரிகள்

1959-ஆம் ஆண்டில் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, வீட்டு மாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் தேறியது நாலு பாக்கெட்தான். அதைத் தெரிந்த ஒரு வியாபாரியின் கடையில் கொடுத்து விற்றார்கள். அதுவே பின்னாளில் நாடு முழுவதும் பரவிய 'லிஜ்ஜத்' அப்பளம். முதல் நாளே கடை ஒன்று இருந்ததைக் கவனியுங்கள்.

குஜராத்தில் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் 1946-ஆம் ஆண்டில் உருவாயிற்று. ஒவ்வொரு மாவட்டச் சங்கமும் தனித்தனியே கடைத்தெருவில் போட்டியிடுவது வீண் செலவு என்பதை உணர்ந்து, 1973-ஆம் ஆண்டில் மாவட்டச் சங்கங்கள் சேர்ந்து விற்பனைக்கென்று மாநிலக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தன. பல சங்கங்களின் பொருள்கள் 'அமுல்' என்ற ஒரே பெயரில் கடைகளுக்குச் சென்றன. பால் கறந்தது உழவர். அது கடை சேரும் வழியையும் உழவர் சங்கமே கையில் வைத்துக்கொண்டது. பெருமை அதில்தான் இருக்கிறது.

கடைக்காரர் போடும் கணக்கு

கடைக்காரரின் நிலையில் இருந்து பாருங்கள். அரைக் கிலோ கம்பு மாவு 50 ரூபாய், அதில் கடைக்காரருக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 பாக்கெட் எடுக்க அவர் போடும் முதல் 430 ரூபாய். அது ஒரு வாரத்தில் விற்றால் இலாபம் 70 ரூபாய். அதே முதலை மாதம் நாலு முறை சுழற்றினால் 280 ரூபாய். மாறாக, 10 பாக்கெட் விற்க இரண்டு மாதம் ஆனால், கிடைப்பது அதே 70 ரூபாய்தான். அலமாரியில் இடமும் அடைபடும். கம்பில் கொழுப்புச் சத்து அதிகமாதலால், அதற்குள் மாவில் காறல் வாடையும் ஏறிவிடும்.

எனவே "இன்னும் 2 ரூபாய் கூட்டித் தருகிறோம், 50 பாக்கெட் எடுங்கள்" என்று கேட்பது தவறான முறை. 10 பாக்கெட் கொடுத்து, வாரந்தோறும் தவறாமல் போய் நிரப்புவதே சரியான முறை.

நமது கணக்கு

அரவை, பை, கூலி எல்லாம் போகப் பாக்கெட்டுக்கு 6 ரூபாய் குழுவுக்கு மிஞ்சுகிறது என்று கொள்வோம். வண்டி ஒரு நடைக்கு 300 ரூபாய். அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ள 5 கடைகளுக்கு 50 பாக்கெட் கொண்டுபோனால், வண்டிச் செலவே பாக்கெட்டுக்கு 6 ரூபாய். உழைப்பெல்லாம் வண்டிக்கே போயிற்று! ஒரே சாலையில் அடுத்தடுத்து உள்ள 20 கடைகளுக்கு 200 பாக்கெட் போட்டால், செலவு ஒன்றரை ரூபாய்தான். பாக்கெட்டுக்கு நாலரை ரூபாய் நம் கைக்கு வரும்.

ஆகவே சென்னைக்கும் கோவைக்கும் ஆசைப்படுமுன், உங்கள் ஊரிலிருந்து அருகிலுள்ள நகரம் வரையிலான ஒரே சாலையைப் பிடியுங்கள். பயிருக்குக் காலத்தில் பாயும் தண்ணீரைப் போலத்தான் கடைக்குச் சரக்கும். ஒரு நாள் வெள்ளமாகப் பாய்ச்சிவிட்டு ஒரு மாதம் காயவிட்டால் பயிர் நிற்குமா?

கவனிக்க வேண்டியவை

1. ஒவ்வொரு கடைக்கும் வாரத்தில் ஒரு நாளை உறுதி செய்யுங்கள். மழையானாலும் திருவிழாவானாலும் அந்த நாள் தவறக்கூடாது.

2. பழைய பாக்கெட்டை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்குங்கள். நாள் நெருங்கிய சரக்கை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட மாவு ஒரு வீட்டுக்குப் போனால், அந்தத் தெருவே போய்விடும்.

3. பழைய பில்லுக்குப் பணம் பெற்ற பின்னரே புதுச் சரக்கு இறக்குங்கள். கடன் நீண்டால் அறுவடையில் தானியம் வாங்கக் கையில் பணம் இராது.

4. உறையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த தேதி, அதிகபட்சச் சில்லறை விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாத பொருளைக் கடைக்காரர் வாங்கத் தயங்குவது நியாயமே.

5. எந்தக் கடையில் எத்தனை விற்றது, எத்தனை திரும்பியது என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் எவ்வளவு அரைப்பது என்பதை அந்த நோட்டே சொல்லும்.

6. அக்கம்பக்கக் குழுக்களுடன் சேருங்கள். ஒருவர் எண்ணெய், ஒருவர் மாவு, ஒருவர் பருப்பு என்று ஒரே வண்டியில் ஏற்றினால், எல்லோருக்கும் செலவு குறையும்.

அன்பர்களே! களத்தில் விற்கும்போது விலையை வியாபாரி சொல்கிறார். கடையில் நம் பெயர் போட்ட பாக்கெட் இருந்தால், அதன்மேல் விலையை நாம் அச்சிடுகிறோம். அந்த உரிமை செக்கு வாங்கியதால் மட்டும் வந்துவிடாது. வாரந்தோறும் கடைப்படி ஏறுவதால்தான் வரும். புது இயந்திரத்துக்கு விண்ணப்பம் எழுதுமுன், உங்கள் சாலையில் உள்ள 20 கடைகளின் பெயரை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.